காரைக் குறை சொல்லும் முன் டயரைப் பாருங்கள்: குளிரில் ஸ்போர்ட்ஸ் கார் காட்டும் அறிகுறிகள்

நவம்பர் பிறந்ததும் டொரன்டோ பக்கம் ஸ்போர்ட்ஸ் கார் வைத்திருக்கும் நண்பர்கள் ஒவ்வொருவராகக் கூப்பிட ஆரம்பிப்பார்கள். "பின்பக்கம் வழுக்குது", "ஸ்டியரிங்கை முழுசா ஒடிச்சா முன்சக்கரம் குதிக்குது", "காலையில எடுத்தா டக் டக்னு அடிக்குது". சிலர் அதற்குள் அலைன்மென்ட்டுக்கும் ஷாக் அப்சார்பருக்கும் காசு கொடுத்துவிட்டுத்தான் பேசுவார்கள். எனக்கு அதுதான் மனசு கஷ்டமாக இருக்கும், ஏனென்றால் குளிரில் வரும் இந்தப் புகார்களில் பெரும்பாலானவை டயரில் தொடங்கி டயரிலேயே முடிகிறவை. நான் ஓட்டுவது டொயோட்டா ஜி.ஆர். 86. பின்சக்கர இயக்கம், எடை குறைவு, தரைக்கு நெருக்கமான உடம்பு. மஸ்டாங், எம்.எக்ஸ். 5, பி.ஆர்.இசட். என்று எதை ஓட்டினாலும் இங்கே சொல்வதில் பெரும்பகுதி உங்களுக்கும் பொருந்தும்.

எந்த அறிகுறியாக இருந்தாலும் முதல் வேலை ஒன்றுதான். ஒரு டார்ச்சை எடுத்துக்கொண்டு போய் நான்கு டயரின் பக்கவாட்டையும் படியுங்கள். மூன்று முகடுள்ள மலையும் அதற்குள் ஒரு பனித்துகளும் வரைந்திருந்தால், அது பனியில் இழுவைச் சோதனை தாண்டிய டயர். 1999இல் வட அமெரிக்காவில் வந்த முத்திரை அது. எம் பிளஸ் எஸ் (M+S) என்ற எழுத்து மட்டும் இருந்தால் பெரும்பாலும் எல்லாப் பருவத்துக்கும் என்று விற்கிற ஆல் சீசன் டயர். அந்த எழுத்துக்குப் பனிச் சோதனை எதுவும் தேவையில்லை, ரோட்டைத் தொடும் மேற்பரப்பான ட்ரெட்டின் வடிவத்தை வைத்துத் தயாரிப்பவரே போட்டுக்கொள்வது. இரண்டுமே இல்லையென்றால் உங்களிடம் இருப்பது கோடை டயர். ஜி.ஆர். 86இல் 18 அங்குல ரிம்மோடு வருகிற மிஷ்லன் பைலட் ஸ்போர்ட் 4 கோடை டயர்தான். மே மாதம் கார் வாங்கியவர்களில் பலருக்கு இது நவம்பர் வரை தெரியவே தெரியாது. அப்படியே டி.ஓ.டி. என்று தொடங்கும் வரியின் கடைசி நான்கு இலக்கத்தையும் பாருங்கள். 3822 என்றால் 2022ஆம் ஆண்டின் 38ஆவது வாரம் செய்த டயர்.

ரோடு காய்ந்திருக்கிறது, பனியே இல்லை, ஆனாலும் பின்பக்கம் வழுக்குகிறது

இதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன்.

கார் வாங்கிய முதல் வருஷம், ஒரு நவம்பர் காலை, வெப்பம் 2 டிகிரி இருந்திருக்கும், 401 நெடுஞ்சாலைக்கு ஏறும் வளைவில் இரண்டாவது கியரில் வழக்கம்போல ஆக்ஸிலரேட்டரை மிதித்தேன். ரோட்டில் ஒரு சொட்டு ஈரம்கூட இல்லை. பின்பக்கம் பக்கவாட்டில் ஒரு அடி நகர்ந்துவிட்டது. சக்கரம் சறுக்கினால் எஞ்சினை அடக்கும் டிராக்ஷன் கன்ட்ரோல் இருந்ததால் பிழைத்தேன், பக்கத்தில் உட்கார்ந்திருந்த மனைவி வேலைக்குப் போய்ச் சேரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அன்று மாலையே வின்டர் டயர் தேட ஆரம்பித்தேன். அதற்கு முந்தைய ஒரு வாரமாகவே டாஷ்போர்டில் அந்த மஞ்சள் சறுக்கல் விளக்கு சிக்னலில் கிளம்பும்போதெல்லாம் லேசாக மின்னிக்கொண்டிருந்தது. அதை நான் மதிக்காமல் விட்டதுதான் தப்பு. காய்ந்த ரோட்டில் அந்த விளக்கு மின்னினால் டயர் பிடிப்பை இழந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

காரணம் ரப்பரின் தன்மை. டயர் ரோட்டைப் பிடிப்பது, ரப்பர் நெகிழ்ந்து ரோட்டின் சின்னச் சின்ன மேடுபள்ளங்களுக்குள் இறங்குவதால்தான். எந்த ரப்பர் கலவையும் ஒரு வெப்பநிலைக்குக் கீழே போகப் போக விறைத்துக்கொண்டே போகும், கடைசியில் கிட்டத்தட்ட பிளாஸ்டிக் மாதிரி ஆகிவிடும். கோடை டயரின் கலவை சூடான ரோட்டில் இளகிப்போகாமல் நிற்பதற்காகச் செய்தது, அதனால் அது சீக்கிரமே விறைக்கிறது. வின்டர் டயரின் கலவை உறைநிலைக்குக் கீழேயும் மிருதுவாகவே இருக்கும்படி செய்தது. சுமார் 7 டிகிரி என்று எல்லோரும் சொல்கிற கணக்கு இந்த இரண்டும் இடம் மாறும் இடத்தைத்தான் குறிக்கிறது. அது கத்தி வைத்து வெட்டியதுபோன்ற கோடு இல்லை, ஆனாலும் கண் பார்க்கிற பனியை வைத்து முடிவு செய்வதைவிட தெர்மாமீட்டரை வைத்து முடிவு செய்வது எவ்வளவோ மேல்.

ஏர் குறைத்துப் பார்க்கலாமா, வளைந்து வளைந்து ஓட்டிச் சூடாக்கலாமா என்று கேட்பார்கள். வேண்டாம். ரேஸ் டிராக்கில் ஏறும் சூடு ஊருக்குள் ஓட்டும் வேகத்தில் ஏறாது, ஏறினாலும் அடுத்த சிக்னலில் ஆறிவிடும். டயர் மாற்றும்வரை உயர்ந்த கியரில், மெல்ல மிதித்து, முன்னே போகும் காருக்கு வழக்கத்தைவிட இரண்டு மடங்கு இடைவெளி விட்டு ஓட்டுங்கள். அதுவும் டயர் கடைக்குப் போய்ச் சேரும்வரை மட்டும்.

சரி, எந்த வின்டர் டயர் வாங்குவது?

கடையில் மூன்று குடும்பம் இருக்கிறது. முதலாவது, வேகமான கார்களுக்கான வின்டர் டயர்: மிஷ்லன் பைலட் ஆல்பின் 5, பிரெல்லி சொட்டோசீரோ 3 போன்றவை. பக்கவாட்டு கெட்டியாக இருக்கும், ஸ்டியரிங் திருப்பினால் உடனே பதில் சொல்லும், காய்ந்த குளிர் ரோட்டில் அருமை. பனிக்கட்டியில் நடுத்தரம். இரண்டாவது, பனிக்கட்டியையே குறிவைத்துச் செய்தவை: பிரிட்ஜ்ஸ்டோன் பிளிசாக் டபிள்யூ.எஸ். 90, மிஷ்லன் எக்ஸ் ஐஸ் ஸ்னோ, நோக்கியன் ஹக்கபெலிட்டா ஆர் 5. ட்ரெட் கட்டைகளில் நுண்ணிய வெட்டுகள் ஏராளமாக இருக்கும், ரப்பர் இன்னும் மிருது. ஐஸில் நிற்கும் தூரத்தில் பெரிய வித்தியாசம் தெரியும், ஆனால் வளைவில் கார் கொஞ்சம் மிதப்பதுபோல இருக்கும். மூன்றாவது ஆல் வெதர், மிஷ்லன் கிராஸ்கிளைமேட் 2 மாதிரி. மலைமுத்திரை இருக்கும், வருஷம் முழுக்கப் போட்டுக்கொள்ளலாம். ஆல் சீசனோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள், பெயர்தான் ஒன்றுபோல இருக்கிறது.

என் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறேன். ஸ்கார்பரோவிலோ மார்க்கமிலோ இருந்துகொண்டு, உப்புப் போட்டுச் சுத்தம் செய்த பெரிய ரோட்டில்தான் தினமும் போகிறீர்கள், வீட்டில் கராஜ் இருக்கிறது என்றால் முதல் குடும்பம் போதும். 400ஆம் நெடுஞ்சாலையில் பேரி தாண்டி வடக்கே அடிக்கடி போகிறவர், ஏரிப்பக்கமிருந்து திடீரென்று அடிக்கும் பனிப்புயலில் மாட்டக்கூடியவர், அல்லது உங்கள் தெருவைக் கடைசியில்தான் நகராட்சி வழிக்கும் என்றால், யோசிக்காமல் இரண்டாவது குடும்பம். பின்சக்கர ஸ்போர்ட்ஸ் காரில் ஸ்டியரிங் சுகத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்து நிற்கும் தூரத்தை வாங்கிக்கொள்வது நல்ல பேரம். ஆல் வெதரை இந்த வகைக் காருக்கு நான் பரிந்துரைப்பதில்லை. கோடையில் காரின் உயிரை எடுத்துவிடும், ஜனவரி ஐஸில் நல்ல வின்டர் டயருக்கு ஈடாகாது. ஆணி பதித்த டயரைப் பற்றியும் கேட்கிறார்கள்: தெற்கு ஒன்டாரியோவில் இருப்பவர்களுக்கு அதற்கு அனுமதி இல்லை, வடக்கே இருப்பவர்களுக்குத்தான்.

அளவு விஷயத்தில் அகலம் குறைவாக இருப்பதே நல்லது. அகலமான டயர் பனிமேல் ஏறி மிதக்கும், ஒடுக்கமான டயர் அதை வெட்டிக்கொண்டு கீழே இறங்கும். கூடவே ரிம்மையும் ஒரு அங்குலம் குறைத்தால் பக்கவாட்டு உயரம் கூடும், மார்ச் மாதக் குழிகளில் ரிம் வளையாது, விலையும் குறையும். ஜி.ஆர். 86க்கு 215/40 ஆர் 18 அளவின் மொத்த விட்டம் சுமார் 629 மி.மீ. 215/45 ஆர் 17 போட்டால் 625 மி.மீ. வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை, ஸ்பீடோமீட்டர் ஏமாற்றாது. ஆனால் பெரிய பிரெம்போ பிரேக் உள்ள வகை என்றால் எல்லா 17 அங்குல ரிம்மும் உட்காராது, வாங்கும் முன் ஒரு ரிம்மை மாட்டிச் சுற்றிப் பாருங்கள்.

இரண்டு மட்டும் வாங்கலாமா? கூடவே கூடாது. பின்னால் மட்டும் வின்டர் டயர் போட்டால் கார் ஜோராகக் கிளம்பும், அப்புறம் திரும்பாது, நிற்காது. முன்னால் மட்டும் போட்டால் அதைவிட மோசம்: முன்பக்கம் பிடிக்கும், பின்பக்கம் பிடிக்காது, பிரேக்கைத் தொட்டால் கார் பம்பரம்போலச் சுற்றும். நான்கும் ஒரே வகையாக இருக்க வேண்டும். ஒன்டாரியோவில் வின்டர் டயர் சட்டப்படி கட்டாயமில்லை, ஆனால் 2016 ஜனவரி 1 முதல் வின்டர் டயர் போட்டவர்களுக்கு இன்சூரன்ஸ் நிறுவனங்கள் தள்ளுபடி தர வேண்டும், ரசீதை அனுப்பிக் கேட்டு வாங்குங்கள். கியூபெக்கில் பதிவான கார்களுக்கு டிசம்பர் 1 முதல் மார்ச் 15 வரை கட்டாயம்.

பார்க்கிங்கில் ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்தால் முன்சக்கரம் தத்தித் தத்திக் குதிக்கிறது

சத்தம் கேட்டால் ஏதோ உடைந்துபோனதுபோலவே இருக்கும். பயப்படாதீர்கள். கார் திரும்பும்போது உள்பக்கச் சக்கரம் சின்ன வட்டத்திலும் வெளிச்சக்கரம் பெரிய வட்டத்திலும் போக வேண்டும், அதற்கேற்ப இரண்டும் வேறு வேறு கோணத்தில் திரும்ப வேண்டும். வேகமான வளைவுகளை மனதில் வைத்து அமைத்த ஸ்போர்ட்ஸ் கார்களில், முழு ஒடிப்பில் இந்தக் கோணங்கள் சரியாகப் பொருந்துவதில்லை, அதனால் ஒரு டயர் பக்கவாட்டில் இழுபடுகிறது. கோடையில் ரப்பர் நெகிழ்ந்து அதை மறைத்துவிடும். குளிரில் விறைத்த அகல டயர் பிடித்துக்கொள்ளும், விடும், மறுபடி பிடிக்கும். அதுதான் அந்தக் குதிப்பு.

சோதனை சுலபம். வெயிலடிக்கும் மதியத்தில் 15 டிகிரியில் அதே இடத்தில் அதே ஒடிப்பு ஒடித்துப் பாருங்கள். குதிப்பு போய்விட்டால் டயர்தான். சூட்டிலும் குதித்தால், அல்லது ஸ்டியரிங் நேராக இருக்கும்போதே சத்தம் வந்தால், அப்போது மெக்கானிக்கிடம் போங்கள். வின்டர் டயர் போட்டதும் பெரும்பாலும் இது காணாமல் போகும். அதுவரை முழு ஒடிப்புக்குக் கால் சுற்று முன்பாகவே நிறுத்தித் திருப்பினால் போதும்.

காலையில் ஏர் விளக்கு எரிகிறது, மதியம் அணைந்துவிடுகிறது

பஞ்சர் இல்லை, காற்று சுருங்குகிறது. சுமார் 6 டிகிரி இறங்கினால் ஒரு பி.எஸ்.ஐ. (காற்றழுத்த அளவு) குறையும் என்று வைத்துக்கொள்ளுங்கள். 20 டிகிரி கராஜுக்குள் 35 பி.எஸ்.ஐ. அடித்துவிட்டு மைனஸ் 15இல் காரை வெளியே விட்டால் அது ஏறக்குறைய 29 ஆகிவிடும். விளக்கு எரியும்போது அழுத்தம் கணிசமாக இறங்கிவிட்டது என்று பொருள். எரியவில்லை என்பதால் சரியாக இருக்கிறது என்று பொருள் இல்லை. கொஞ்ச தூரம் ஓட்டியதும் டயர் சூடாகி அழுத்தம் ஏறும், விளக்கு அணையும், மறுநாள் காலை திரும்பவும் எரியும். இரவு முழுக்க வெளியே நின்ற காரில், எடுக்கும் முன், கதவுச் சட்டத்தில் ஒட்டியிருக்கும் எண்ணுக்கு அடியுங்கள். கராஜுக்குள் வைத்து அடிப்பதாக இருந்தால் வெளிக்குளிருக்கு ஏற்ப அந்த 6 டிகிரிக்கு ஒன்று என்ற கணக்கில் சேர்த்து அடியுங்கள். ஒரே ஒரு டயர் மட்டும் மற்றதைவிட வேகமாக இறங்கினால் அது வேறு கதை, ரிம் ஓரத்தில் உப்பு அரித்துக் காற்று கசியலாம். சோப்புத் தண்ணீர் தடவிப் பாருங்கள்.

வின்டர் ரிம்மில் சென்சார் போடாமல் விட்டால் விளக்கு சீசன் முழுக்க எரிந்துகொண்டே இருக்கும். பலர் அதோடு வாழ்கிறார்கள். நான் சென்சார் போட்டுவிட்டேன், ஏனென்றால் இந்தக் குளிரில்தான் அந்த விளக்கு எனக்கு அதிகம் தேவைப்படுகிறது.

முதல் சில கிலோமீட்டர் டக் டக் என்று அடிக்கிறது, அப்புறம் போய்விடுகிறது

இரவு முழுக்க ஒரே இடத்தில் நின்றதால் டயரின் அடிப்பாகம் தட்டையாக விறைத்திருக்கிறது. உருண்டு சூடானதும் வட்டமாகிவிடும். பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் போய்விட்டால் விட்டுவிடுங்கள். போகவே இல்லை என்றால் பேலன்ஸ் பாருங்கள். வாரக்கணக்கில் கார் நிற்கப்போகிறது என்றால் அழுத்தத்தை இரண்டு மூன்று பி.எஸ்.ஐ. கூட்டி நிறுத்துங்கள்.

வேகம் 90, 100 தொட்டதும் ஸ்டியரிங் நடுங்குகிறது

நேற்று நன்றாக இருந்து இன்று பனியில் ஓட்டிய பிறகு நடுங்கினால், முதலில் ரிம்மின் உள்பக்கம் கையை விட்டுப் பாருங்கள். பனி உள்ளே அடைத்து ஐஸாக இறுகியிருக்கும். அந்த எடை ஒரு பக்கமாக இருப்பதால்தான் நடுக்கம். குச்சியாலோ பிரஷ்ஷாலோ தட்டி எடுங்கள், அல்லது காரை நாமே கழுவிக்கொள்ளும் இடத்தில் தண்ணீர் அடியுங்கள். இதற்குப் போய் பேலன்ஸ் செய்யச் சொல்லிக் காசு கொடுத்தவர்களை எனக்குத் தெரியும்.

டயர் மாற்றிய நாளிலிருந்தே நடுங்கினால் வேறு இரண்டு காரணம் உண்டு. ஒன்று, வெளியில் வாங்கிய ரிம்மின் நடுத்துளை, காரில் சக்கரம் உட்காரும் நடுப்பகுதியான ஹப்பைவிடப் பெரிதாக இருப்பது. ஜி.ஆர். 86இல் ஹப் 56.1 மி.மீ., ரிம் அதைவிடப் பெரிய துளையோடு வந்தால் இடைவெளியை நிரப்ப ஒரு வளையம் போட வேண்டும், இல்லாவிட்டால் ரிம் நடுவில் உட்காராது. மற்றொன்று ஹப்பின் முகத்தில் துரு. கம்பி பிரஷ்ஷால் தேய்த்துவிட்டு மாட்டுங்கள். நட்டுகளை, முறுக்கும் விசையை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து 120 நியூட்டன் மீட்டருக்கு முறுக்கி, சுமார் 100 கி.மீ. ஓடியதும் திரும்ப ஒருமுறை சரிபாருங்கள். இன்னொன்று சொல்லியாக வேண்டும்: இந்தக் காரின் நட்டு மரை 12 மி.மீ.யில் 1.25 இடைவெளி, வழக்கமான டொயோட்டா கார்களுடையது 1.5. பழைய கொரோலாவின் நட்டுகளை எடுத்து மாட்ட முயன்றால் நட்டு ஏறும் கம்பியான ஸ்டட்டே கெட்டுவிடும்.

வின்டர் டயர் போட்டும் பனியில் வழுக்குகிறது

முதலில் ட்ரெட் ஆழத்தை அளந்து பாருங்கள். 4 மி.மீ.க்குப் பக்கத்தில் வந்துவிட்ட டயர், மலைமுத்திரை இருந்தாலும், பனி ரோட்டுக்கு உதவாது. அடுத்து அம்புக்குறி: பல வின்டர் டயர்கள் ஒரு திசையில் மட்டும் சுழல வேண்டியவை, இடம் வலம் மாற்றி மாட்டியிருந்தால் பனியையும் தண்ணீரையும் வெளியே தள்ளாமல் உள்ளே வாரிக்கொள்ளும். பக்கவாட்டில் அம்பு முன்னோக்கி இருக்கிறதா என்று பாருங்கள். மூன்றாவது வயது. ஆறேழு சீசன் ஓடிய ரப்பர் ஆழம் இருந்தாலும் கெட்டித்துப்போயிருக்கும், நகத்தால் அழுத்தினாலே தெரியும்.

மூன்றும் சரியென்றால் இடம்தான் பிரச்சினை. ஆழமான பனியில் சக்கரம் சுற்றாமல் கார் நின்றுவிடுகிறது என்றால் டிராக்ஷன் கன்ட்ரோல் எஞ்சினை அடக்குகிறது. அதை அணைத்து, இரண்டாவது கியரில் மெல்லக் கிளம்பி, வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள். இந்தக் காருக்கும் ரோட்டுக்கும் நடுவே சுமார் 13 செ.மீ. இடைவெளிதான். அதைவிட ஆழமாகப் பனி கிடந்தால் காரின் வயிறு பனிமேல் உட்கார்ந்துவிடும், எந்த டயரும் காப்பாற்றாது. அன்றைக்குக் காரை எடுக்காதீர்கள்.

ஏப்ரலில் கார் கொழகொழ என்று ஓடுகிறது, கோடை டயரில் வெடிப்பு தெரிகிறது

முதலாவது இயல்பு. மிருதுவான உயரமான ட்ரெட் கட்டைகள் சூட்டில் வளைந்து நெளிகின்றன, பிரேக் தூரமும் நீளும், டயரும் வேகமாகத் தேயும். காலை வெப்பமே தொடர்ந்து 7 டிகிரிக்கு மேல் வந்துவிட்டால் கழற்றிவிடுங்கள்.

வெடிப்பு அப்படி இல்லை. ட்ரெட் கட்டைகளின் ஓரத்தில் கீறல்போலவோ சில்லு பெயர்ந்ததுபோலவோ இருந்தால், அந்தக் கோடை டயரைக் கடுங்குளிரில் உருட்டியிருக்கிறீர்கள், அல்லது உறைந்த கராஜில் தூக்கிப் போட்டிருக்கிறீர்கள். பைலட் ஸ்போர்ட் கப் 2 மாதிரி டிராக்குக்கு நெருக்கமான டயர்களை மைனஸ் 7க்குக் கீழே வைக்கவோ ஓட்டவோ வேண்டாமென்று மிஷ்லனே சொல்கிறது. வெடித்த டயரை மறுபடி மாட்டாதீர்கள், டயர் கடையில் காட்டிவிட்டு முடிவெடுங்கள். கழற்றும்போதே ஒவ்வொன்றிலும் எந்தச் சக்கரம் என்று சாக்பீஸால் எழுதி, கழுவிக் காயவைத்து, கறுப்புப் பையில் கட்டி, வீட்டின் அடித்தளத்தில் ஹீட்டருக்கும் ஜன்னலுக்கும் தள்ளி வையுங்கள். வெளியே கொட்டகையில் வைத்தே ஆகவேண்டுமென்றால், வசந்தத்தில் எடுக்கும்போது ஒரு நாள் முழுக்க வீட்டுக்குள் கிடக்கவிட்டு, ரப்பர் இளகிய பிறகே ரிம்மில் ஏற்றச் சொல்லுங்கள்.